கோணக்கரை புனிதமான கதை

கோணக்கரைக்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். அதனால் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகன் தங்கப்பழத்துக்கு அந்த ஊரில்தான் பெண் எடுத்தோம். நான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி பெண்ணுக்கு அம்மா சொர்ணக்கிளி சொன்னது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவள் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர்த் தலைவர் வெள்ளதுரை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். ஒருநாள் இரண்டு பேர் தண்ணீர்த் தகராறு என்று வந்து நிற்க, பாதி வழக்கில் தலைவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். ஊர் கையைக் கட்டிக்கொண்டு குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தது. சொர்ணக்கிளி மட்டும், "தலைவரு உறங்குதாரே, யாராவது எழுப்புங்க" என்று சொல்லிவிட்டாள்.

விழித்த தலைவர் முதல் வேலையாக அவளை ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தார். தண்ணீர் வழக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது.

கோணக்கரையில் ஒதுக்கி வைப்பதற்குச் சட்டம் கறார். ஒதுக்கப்பட்ட ஆள் வாய்க்காலுக்கு அக்கரை போய்விட வேண்டும், ஊர் மண்ணை மிதிக்கக் கூடாது. அவரோடு யாரும் பேசக் கூடாது. தீயோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. அவர் வீட்டு விசேஷத்தில் கை நனைக்கக் கூடாது. மீறினால் மீறியவருக்கும் அதே தண்டனை. சொர்ணக்கிளி புருஷனை இழந்தவள். அக்கரையில் ஒரு தோட்டமும் ஓட்டு வீடும் அவளுக்கு இருந்ததால் மகள் பூமாரியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள்.

ஐப்பசி ஏழாம் தேதி கல்யாணம் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம். விஷயம் காதில் விழுந்ததும் என் அக்கா சாமியாடாத குறை. "ஊரு வந்து பந்தியில உக்காரணும். ஊரு கை நனைக்காத வீட்டுப் பொண்ணு நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அக்காவை எதிர்த்துப் பேச எங்கள் வீட்டில் ஆள் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொர்ணக்கிளியிடம் அதைப் போய்ச் சொன்னவன் நான். "சரி அண்ணாச்சி" என்றாள். என் தலை மறைந்ததும் உட்கார்ந்து அழுதாளாம்.

அழுது முடித்து, வாய்க்கால் கரைக்கு வந்து நின்று, இக்கரையில் நின்ற தலைவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள்.

தலைவர் அவளோடு பேசக் கூடாதே. அதனால் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிப்பை ஊர்க்கூட்டத்துக்குள்ள வந்து கேக்கணும், மரமே."

"அப்ப நாளைக்குக் கூட்டத்துக்கு வாரேன்" என்றாள் அவள்.

"ஒதுக்கி வெச்ச ஆளு கூட்டத்துக்குள்ள வரக் கூடாது, மரமே."

மரம் ஒன்றும் பதில் சொல்லவில்லை. சொர்ணக்கிளி வீட்டுக்குத் திரும்பினாள். கல்யாணத்துக்கு முழுசாக ஒரு மாதம்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. பேசி வைத்திருந்த வில்லுப்பாட்டுக் கோஷ்டி வரவில்லை. மேடை சும்மா கிடக்கக் கூடாதென்று, பக்கத்து ஊரில் இருந்த ஞானசிகாமணி என்ற ஓய்வு பெற்ற தமிழாசிரியரைக் கூட்டி வந்து ஏற்றிவிட்டார்கள். மனிதருக்குச் சொற்களின் வேரைத் தோண்டுவதில் பைத்தியம். மைக்கைப் பிடித்ததும், "புனிதம் புனிதம் என்கிறோமே, அப்படியென்றால் என்ன?" என்று கேட்டார். ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"எபிரேயம் என்று ஒரு பழைய பாஷை. அதில் புனிதத்துக்கு ஒரு சொல் உண்டு. அதன் வேருக்குத் தனியே பிரித்து வைத்தது என்று அர்த்தம் சொல்வார்கள். அவ்வளவுதான். நாலு செம்போடு கிடந்தால் அது செம்பு. அதையே சாமிக்கென்று தனியாக எடுத்து வைத்தால் புனிதம். ஆனால் அன்பர்களே..." என்றபோது நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன வரும் என்று கோணக்கரையில் ஒருவரும் கவலைப்படவில்லை. இவ்வளவு சுலபமான விஷயத்தை இத்தனை காலம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்றுதான் வருத்தப்பட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற கொம்பையா கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துத் தனியாக வைத்தார். கயிறு புனிதமாகிவிட்டது, தண்ணீர்தான் இறைக்க முடியவில்லை. சவரக்கடை தளவாய் கத்தியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் மழித்திருந்த ஆளை எழுப்பி அனுப்பினார். பெண்கள் உப்பை ஒதுக்கினார்கள். தலைவர் வலது செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு இடது செருப்போடு நடந்தார்.

ஒரு வாரம் ஊர் குளிக்காமல், தாடி வளர்த்து, உப்பில்லாமல் தின்று, நொண்டிக்கொண்டே பரம புனிதமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கொம்பையாவுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. கூட்டம் கூட்டினார்கள்.

"சாமான் சட்டியெல்லாம் புனிதமாயிட்டு, சரி. ஆளுக எப்படிவே புனிதமாகுறது?" என்றார் கொம்பையா.

"ஆளையும் ஒதுக்கி வெச்சாப் போச்சு" என்றார் தளவாய்.

"அப்படி ஒதுக்கி வெச்ச ஆளு நம்ம ஊர்ல ஏற்கெனவே யாரும் உண்டா?"

தளவாய் விரல் விட்டார். "ஏன் இல்ல? கீழத்தெரு ஆளுகளுக்குத் தனிக் கிணறு, தனி டம்ளர், தனிச் சுடுகாடு எல்லாம் நம்ம தாத்தா காலத்துலேயே குடுத்து..."

தலைவர் இருமினார். ஊர் மொத்தமும் சேர்ந்து இருமியது. அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. எவ்வளவு பெரிய முட்டாளுக்கும் எங்கே யோசனையை நிறுத்த வேண்டும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

"கீழத்தெருவை விடும்வே" என்றார் கொம்பையா அவசரமாக. "சொர்ணக்கிளி இருக்காளே. முறைப்படி கூட்டம் போட்டு, கை தூக்கி ஒதுக்கி வெச்சிருக்கோம். இன்னைய தேதிக்குக் கோணக்கரையில புனிதமான ஒரே ஆளு அவதான்."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தானேய்யா ஒதுக்கி வெச்சது? அப்ப புனிதம் எனக்குத்தானே வரணும்?" என்று கேட்டார்.

"சாமிக்குச் செம்பை எடுத்து வெச்சவன் செம்பாயிருவானா தலைவரே?" என்றார் கொம்பையா.

அன்று மாலையே தளவாய் தேங்காய் பழத்தோடு வாய்க்காலைத் தாண்டிப் போய், "தாயி, ஆசீர்வாதம் பண்ணணும்" என்று சொர்ணக்கிளி காலில் விழுந்துவிட்டார். அவள் பயந்துபோய் நாலடி பின்னால் நகர்ந்தாள். பேசிய குற்றத்துக்காகத் தளவாயை உடனே ஒதுக்கி வைத்தார்கள். தளவாய் பாயைச் சுருட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி சிரித்தபடி அக்கரைக்குப் போனார்.

அதைப் பார்த்ததும்தான் ஊருக்கு உறைத்தது. சொர்ணக்கிளியிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும், ஆள் புனிதம். மறுநாள் பொழுது விடியும் முன்னே வாய்க்காலில் முட்டளவு தண்ணீரில் வரிசை நின்றது. "சொர்ணம், சுகமா?" என்று ஒருவர். "மழை வருமா தாயி?" என்று ஒருவர். கேட்க ஒன்றும் தோன்றாத ஒருவர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தலைவர் அவரையும் ஒதுக்கி வைத்தார். சட்டம் சட்டம்தானே.

சொர்ணக்கிளி முட்டாள் இல்லை. இரண்டு நாள் யோசித்தாள், பிறகு கரையில் வந்து நின்று, "வெறும் பேச்சுக்கு ஒதுக்குறது ரொம்பச் சின்ன ஒதுக்கு" என்றாள்.

வரிசை கலவரப்பட்டது. "பெரிய ஒதுக்குக்கு என்ன செய்யணும் தாயி?"

"என் வீட்டு விசேஷத்துல கை நனைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா? அந்த விசேஷத்துக்கு வேலையே செஞ்சா எவ்வளவு பெரிய குத்தம், யோசிச்சுப் பாருங்க."

அப்புறம் கேட்பானேன். பந்தல்கால் நட நாற்பது பேர் வந்தார்கள். காலே நாலுதான். ஒரு காலுக்குப் பத்துப் பேர் தொங்கியதில் இரண்டு கால் ஒடிந்தது. தேங்காய் துருவ அடிதடி. வெங்காயம் உரித்தால் கண்ணீரோடு சேர்த்துக் கூடுதல் புனிதம் என்று கொம்பையா கண்டுபிடித்துச் சொல்ல, மூன்று மூட்டை வெங்காயத்தை ஒரே காலையில் உரித்துத் தள்ளிவிட்டார்கள். கல்யாணத்துக்கு ஒரு மூட்டைதான் வேண்டியிருந்தது.

தலைவர் மட்டும் வேப்பமரத்தடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒதுக்கி ஒதுக்கி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் ஒருநாள் அவர் மனைவி இசக்கியம்மாளே பெட்டியோடு வந்து நின்றாள்.

"நீயுமா? எனக்குச் சோறு யாரு பொங்குவா?" என்றார் தலைவர்.

"நாலு பொம்பளைக மத்தியில நான் மட்டும் சாதாரணமா நிக்கணுமா? காலையில போயி அவளுக்கு ஒரு கங்கு தீ குடுத்துட்டு வந்துட்டேன். தீர்ப்பைச் சொல்லுங்க, நேரமாகுது."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். அன்றோடு இக்கரை காலி. கீழத்தெருவைத்தான் அவர்கள் ஊர்க் கணக்கில் சேர்ப்பதே இல்லையே. வீடெல்லாம் திறந்து கிடக்க, அலமாரியில் ஒரு செருப்பும் காலில் ஒரு செருப்புமாகத் தலைவர் ஒற்றை ஆளாக இருந்தார். நாலு நாள் அவலை நனைத்துத் தின்றார். அக்கரையில் ஊர் மொத்தமும் ஓலைக்குடிசை போட்டுக்கொண்டு, நான் புனிதமா நீ புனிதமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

கோணக்கரை மொத்தமும் கல்யாண வேலை செய்கிறது என்று சேதி வந்ததும் அக்கா மனசு மாறியிருந்தாள். ஐப்பசி ஏழாம் தேதி நாங்கள் மாப்பிள்ளையோடு போய் இறங்கினோம். பந்தல் கொள்ளாத கூட்டம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "ஊரே வந்திருக்கே அக்கா, பாத்தியா?" என்றேன்.

கொம்பையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, தப்பா சொல்லுதிய. நாங்க ஊரு இல்ல. நாங்க ஊரு ஒதுக்கி வெச்ச ஆளுக."

"அப்ப ஊரு எங்கவே?"

"அந்தா நிக்கி" என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே ஒற்றைச் செருப்போடு ஒரு மனுஷன் நின்றுகொண்டிருந்தார்.

"ஒத்தை ஆளு எப்படிவே ஊராகும்?"

"ஒதுக்காத ஆளுக சேந்ததுதானே ஊரு? மிச்சம் அவுக ஒருத்தருதான். அவுக சாப்பிட்டாத்தான் ஊரு சாப்பிட்ட கணக்கு."

இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் நான் முழுங்கியிருப்பேன். என் அக்கா பின்னால் நின்று கேட்டுவிட்டாள். "அப்ப ஊரு வந்து சாப்பிடட்டும், அப்புறம் தாலி கட்டலாம்" என்று பட்டுப்புடவையோடு பந்தல்காலடியில் உட்கார்ந்துவிட்டாள். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மணவறையில் பூமாரி தலையைக் குனிந்துகொண்டாள். மாலை நனைவது எனக்கே தெரிந்தது. முட்டாள்களைச் சொல்ல வந்தேன், எங்கள் வீட்டு ஆட்களை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று நீங்களே பாருங்கள்.

சொர்ணக்கிளி ஒரு தலைவாழை இலையை எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் விரித்தாள். சோறு வைத்தாள். சாம்பார் ஊற்றினாள். அவியல், அப்பளம், கடைசியாகச் சிறுபருப்புப் பாயசம். காற்று இக்கரையைப் பார்த்து அடித்தது.

தலைவர் வேப்பமரத்தைப் பார்த்தார். "ஊருக்குப் பசிக்கி, மரமே" என்றார்.

"ஊரு வாய்க்காலைத் தாண்டலாமா?" என்று அக்கரையில் விவாதம் தொடங்கியது.

"தாண்டினா ஊரு இல்லாமப் போயிருமே" என்றார் தளவாய்.

"அதெப்படி? ஊரு எங்க போகுதோ, எல்லை அது கூடவே போகும்" என்றார் கொம்பையா. "நிழலைப் பாரும். ஆளை விட்டுட்டா நிக்கி?"

தலைவர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஊர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. நடுவில் ஒருதரம் வழுக்கி விழுந்து எழுந்தது. சொட்டச் சொட்ட வந்து இலைமுன் உட்கார்ந்து, இரண்டு தடவை சோறும் மூன்று தடவை பாயசமும் வாங்கிச் சாப்பிட்டது. அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். தங்கப்பழம் தாலி கட்டினான். சொர்ணக்கிளி மகள் முகத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள். அந்த அழுகையைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தலைவர் ஏப்பம் விட்டுவிட்டு எழுந்தார். "ஒதுக்கி வெச்ச வீட்டுல கை நனைச்சிட்டேன். சீக்கிரம் என்னையும் ஒதுக்கி வையுங்கப்பா."

"அது எங்களால ஆகாதே. நாங்க ஊருக்கு வெளியில உள்ளவங்க" என்றார் கொம்பையா. "ஊருதான் செய்யணும். ஊரு நீங்கதான்."

நியாயம்தான் என்று தலைவர் மறுபடி வாய்க்காலைத் தாண்டிப் போனார். மரத்தடியில் குற்றவாளி நிற்கிற இடத்தில் நின்று, "ஆமா, சாப்பிட்டேன்" என்றார். பிறகு போய்த் தலைவர் திண்டில் உட்கார்ந்து, "பாயசமுமா?" என்றார். இறங்கி வந்து, "மூணு தடவை" என்றார். திரும்பவும் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்து, தன்னை ஒதுக்கி வைத்தார். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் கை தட்டிவிட்டார்கள். தலைவர் கடைசி முறையாக வாய்க்காலைத் தாண்டி வந்து கூட்டத்தில் சேர்ந்தார். மூச்சு வாங்கியது, முகம் மட்டும் ஜொலித்தது.

அப்போதுதான் மழை பிடித்தது. ஐப்பசி மழை, சொல்ல வேண்டுமா. ஓலைக்குடிசையெல்லாம் அரை மணியில் பிய்ந்து வாய்க்காலோடு போய்விட்டது. கூரையென்று மிச்சம் இருந்தது சொர்ணக்கிளி வீடு ஒன்றுதான். புனிதமான கூட்டம் மொத்தமும் அவள் வாசலில் போய் நின்றது. தலைவர்தான் முன்னால் நின்றார்.

"சொர்ணம், கொஞ்சம் உள்ள விடும்மா."

சொர்ணக்கிளி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நீங்கள்லாம் புனிதமானவுக. வீட்டுக்குள்ள எல்லாரோடையும் சேத்து வெச்சா என்னத்துக்கு ஆகும்? தனியாவே இருங்க தலைவரே" என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே நாங்கள் மாப்பிள்ளை வீட்டார் நனையாமல் காபி குடித்துக்கொண்டிருந்தோம். சன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

வெளியே விவாதம் நடந்தது. எதிரே அவரவர் வீடு திறந்து கிடக்கிறது. போகலாமா என்றால், ஊர் மன்னித்துச் சேர்த்துக்கொண்டால்தான் ஊர் மண்ணை மிதிக்கலாம். ஊரில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. யாரிடம் கேட்பது?

"நேரா கேக்க ஆளில்லன்னா மனுப் போட்டுத்தான் ஆகணும்" என்றார் கொம்பையா.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மனு எழுதினார்கள். எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள். கல்லைக் கட்டி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எறிந்தார்கள். அது வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. யாரோ கட்டிப்போட மறந்த கிடா ஒன்று திண்டிலிருந்து இறங்கி வந்து, மனுவை மோந்து பார்த்து, கல்லை விட்டுவிட்டு மனுவை மட்டும் மென்று தின்றது.

"ஊரு மனுவை வாங்கிட்டுது" என்றார் தலைவர். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. நனைந்துகொண்டே கிடாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாங்கள் பெண் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், கிடா வாலைத் தூக்கிப் புழுக்கை போட்டது.

"பதில் வந்துட்டுவே" என்றார் கொம்பையா. அதை வாசிக்க அந்தப் பக்கம் யார் போவது என்பதில்தான் இன்றைக்கும் அவர்களுக்குள் தகராறு.